‘இரும்புத் தவளை’ கைமாறிய விதம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. ரூமில் ஆறு பேர். ஒருவன் தும்மினால் ஐந்து பேர் காரணம் கேட்பார்கள்.

பார்சலில் ஒரு பழைய வீடியோ கேம் இருக்கிறது. ‘இரும்புத் தவளை’. தவளை வேஷக்காரன் மேடைக்கு மேடை தாவி எதிரிகளை உதைப்பானே, சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போமே, அதேதான். அட்டைப்பெட்டி, கையேடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நடைபாதைக் கடையில் கிடைத்தது. பழைய கேம்களுக்கு மதிப்புப் போடுவதுதானே உன் வேலை? என்ன விலைக்குப் போகும் என்று பார்த்துச் சொல். உன் முதலாளியிடம் மட்டும் காட்டாதே.

வீடு மாற்றும் கம்பெனியில் அடுத்தவர் பீரோவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு இரண்டாக மடங்கிவிட்டது. மற்றபடி குறையில்லை.

உன் பல்லி

மார்ச் 7

அன்புத் தம்பி பல்லிக்கு,

மாதக்கணக்கில் ஒரு வரி எழுதாதவன் திடீரென்று பார்சல் அனுப்பினால் அக்காவுக்குச் சிரிப்பு வராதா?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பிரித்தேன். முதலில் சந்தோஷம்தான். பெட்டியின் மூலை நசுங்கவில்லை, சாயம் வெளுக்கவில்லை. போலி லேபிளில் தெரியும் பொடிப்புள்ளிகளும் இல்லை. கேசட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை அசலா என்று பார்க்கத் திருகாணியைக் கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு தேதி, அதன் கீழே ஒரு சிறு சுழி.

அது நான் போட்டது, பல்லி. நான் சோதிக்கும் ஒவ்வொன்றிலும் அப்படிப் போடுவேன்.

போன வருடம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இதைக் கொண்டுவந்தார். “விக்கிறதுக்கு இல்லம்மா. நானும் என் பொண்ணும் சேர்ந்து ஜெயிச்ச கேம். இன்ஷூரன்ஸுக்கு மதிப்பு மட்டும் எழுதிக் குடுங்க” என்றார். தன் முறை வரும்வரை குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் இருந்த அவர் எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

எந்தக் கடை? விற்றது யார்? உடனே எழுது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

அவரே யாருக்காவது விற்றிருப்பார். காசு தேவைப்பட்டால் எல்லோரும் விற்பார்கள். அவர் ஏணியிலிருந்து விழுந்ததற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் விலை கேட்டேன், விசாரணை கேட்கவில்லை. உனக்கு இஷ்டமில்லையென்றால் விடு, அடுத்த தபாலிலேயே திருப்பி அனுப்பு. யாருக்கும் போன் செய்யாதே. தயவுசெய்து.

பல்லி

மார்ச் 14

பல்லிக்கு,

அவர் போனை எடுக்கவில்லை என்றுதான் எழுதினேன். ஏணி என்றோ, விழுந்தார் என்றோ நான் எழுதவே இல்லை.

அந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த டம்ளரைப் போட்டு உடைத்தேன். மாமாவிடம் கை வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.

விலாசம் தேடிப் போனேன். வீடு காலி. எதிர்வீட்டு அம்மா சொன்னார்: “மக ஊருக்குக் குடி போறதா இருந்தாரு. சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. அன்னைக்குன்னு பார்த்து விழுந்து தலையில அடி. ஆஸ்பத்திரியில கிடக்காரு, இன்னும் பேச்சு வரல.” எந்தக் கம்பெனி லாரி என்று கேட்டேன். உன் கம்பெனி பெயரைத்தான் சொன்னார். என் ஊர்வரை வந்திருக்கிறாய், என் வாசலுக்கு வரவில்லை.

கேமைத் தையல் மெஷின் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். தெருவில் ஏதாவது வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன். நீ அவரைத் தள்ளினாயா?

அக்கா

மார்ச் 18

அக்கா,

அம்மா மேல் ஆணை. நான் தள்ளவில்லை.

லாரி கிளம்ப இருந்தது. மிச்சமிருந்த ஒரு பெட்டியை எடுத்துவரச் சொல்லி சூப்பர்வைசர் என்னை மாடிக்கு அனுப்பினார். உள் அறையில் ஏணி சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவர். இந்தக் கேமை மட்டும் அவர் எங்களைத் தொட விடவில்லை. “இது என் கையோட வரும்” என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அலமாரி உச்சியிலிருந்து அதை எடுக்கத்தான் ஏறியிருக்கிறார். தலைக்கடியில் ரத்தம். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். வெளியூர்க்காரன், கூலிக்காரன், பக்கத்தில் வேறு ஆள் இல்லை. என்னைத்தானே பிடிப்பார்கள்?

கூடத்து போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பேர் கேட்டார்கள், வைத்துவிட்டேன். கேமைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன். “கிளம்பலாம், அவரு பின்னால வர்றாராம்” என்று டிரைவரிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கதவை யார் தட்டினாலும் போலீஸ் என்றே தோன்றுகிறது. என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே.

பல்லி

மார்ச் 21

என் தங்கத் தம்பிக்கு,

நீ தள்ளவில்லை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதேன்.

இன்று கேமை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் கட்டிலருகே இருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்காங்க, யாருன்னே தெரியல. அந்த போன் மட்டும் வரலைன்னா அப்பா இல்லைன்னு டாக்டர் சொல்றாரு” என்றாள். அது என் தம்பிதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும். இதை எனக்கு அனுப்பியவர் நேரில் வருவார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமைக்குள் போய்விடு. போகாவிட்டால் நானே சொல்லிவிடுவேன், தம்பி என்றும் பார்க்க மாட்டேன். ஆனால் பயப்படாதே. அவர் உயிரைக் காப்பாற்றியவன் நீ.

அக்கா

மார்ச் 28

அக்கா,

போனேன். பஸ் உன் தெருமுனையில் நின்றது. நான் இறங்கவில்லை.

எல்லாம் சொன்னேன். மகள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். பிறகு, “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முதல்ல போன் பண்ணீங்களா, முதல்ல கேமை எடுத்தீங்களா?” என்றாள்.

அவர் கட்டிலில் கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுதான் வரவில்லை. எல்லாம் அவருக்கு நினைவிருந்தது, அது பார்வையிலேயே தெரிந்தது.

“கேமைத்தான்” என்றேன்.

உனக்கு நான் எழுதாமல் விட்டது இதுதான். பெட்டி அவர் கையில் இருந்தது. இழுத்தேன், வரவில்லை. அவர் விரல்கள் இறுகின. உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன், அக்கா. அதற்கப்புறம்தான் போன் இருந்த பக்கம் நடந்தேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பியபோது கூட ஒரு போலீஸ்காரர். வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாயோ என்று உன் ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கவே பயந்தேன். கடைசிவரை நீ கேட்கவில்லை. ‘உயிரைக் காப்பாற்றியவன் நீ’ என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதனுடன் திருப்பி அனுப்புகிறேன்.

உன் தம்பி