நாலாம் கூண்டுப் புல்

மார்ச் 4

என் புல் டாக்டருக்கு,

அப்பாதான். உடம்பு நன்றாக இருக்கிறது. காது மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. முப்பது வருஷம் விமானச் சத்தத்தில் ஊறிய காது. நீ போனில் பேசினால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது போல இருக்கிறது. அதனால் கடிதமே போடு. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான், எழுத்தில் குறை வராது.

இந்த மாதத்து அளவுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மூடிப்போன விமானதளத்துக்குக் காவல் என்றாலே தெருவில் சிரிப்பு. அங்கே உட்கார்ந்து மகளின் ஆராய்ச்சிக்காகப் புல்லை அளக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து பேப்பர் போடுகிறவர் வணக்கம் வைப்பதை நிறுத்திவிட்டார். உன் அம்மா, "என் தலை நரைச்சதை ஒரு நாள் கவனிச்சிருப்பாரா இந்த மனுஷன்? புல்லு மஞ்சளானா மட்டும் சோறு இறங்கல" என்கிறாள்.

உண்மைதான், இறங்கவில்லை. ஓடுபாதை ஓரம் ஆட்டுக்காரரின் நூறு ஆடும் மொட்டையடித்த இடத்தில் புல் பாய் விரித்தது போலப் பச்சையாக இருக்கிறது. ஆடு வாய் வைக்க முடியாதபடி மேலும் பக்கமும் வலை போட்டு, பத்துக் கூண்டுக்குள் நீ மகாராணி மாதிரி வளர்க்கிற புல்லோ முழங்கால் உயரம் நின்று வைக்கோலாகிறது. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா? தண்ணீர் விடட்டுமா?

உன் அப்பா


மார்ச் 12

அன்புள்ள அப்பா,

தண்ணீர் விடாதீர்கள். ஒன்றுமே செய்யாதீர்கள், அதுதான் உங்கள் வேலை. நம் மண்ணின் புல் ஆட்டோடு பழகிய புல். மேலே கடித்தால் அடியிலிருந்து கிளைத்துப் பக்கவாட்டில் பரவும். கடிக்க ஆளில்லாவிட்டால் தன் காய்ந்த இலையின் நிழலிலேயே மூச்சுமுட்டிச் சாகும். கூண்டுக்குள் அது சாவதைத்தான் நான் எண்ணில் காட்ட வேண்டும்.

ஒரு சந்தேகம். நாலாம் கூண்டில் பிப்ரவரியில் நாற்பத்தொரு சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தாளில் ஒன்பது என்று இருக்கிறது. எழுதும்போது தவறிவிட்டதா? மே மாதம் அறிக்கை கொடுக்க வேண்டும் அப்பா. பத்தில் ஒன்று கெட்டால் மூன்று வருஷ வேலையையும் சந்தேகப்படுவார்கள்.

உங்கள் மகள்


மார்ச் 20

கண்ணு,

எழுத்தில் பிழை இல்லை, ஆளில்தான் பிழை. போன மாதம் உன் பேராசிரியர் பார்க்க வருகிறார் என்று எழுதியிருந்தாய். கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது நாலாம் கூண்டு. அது கிடந்த கோலத்தைப் பார்த்து என் பெண்ணை என்ன நினைப்பார்? முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு உனக்குத் தலை வாரிவிட்டது போல, வலையைத் தூக்கி, அம்மாவின் தையல் கத்தரியால் ஒரே சீராக வெட்டிவிட்டேன். பேராசிரியர் வரவே இல்லை. கத்தரிதான் மழுங்கிப்போனது. அதற்கு வாங்கிய திட்டைத் தனியாக எழுதுகிறேன்.

வெட்டிய இடத்தில் புல் துளிர்த்ததைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒளிக்கவில்லை. திட்டு.

அப்பா


மார்ச் 28

அப்பா,

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் சிரித்துவிட்டேன். செய்ததைக் குறிப்பில் எழுதிச் சமாளித்துக்கொள்வேன். நாலாம் கூண்டின் வலையை நான்கு மூலையிலும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை அளவு வேண்டும். கத்தரியை அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.

மகள்


ஏப்ரல் 29

கண்ணு,

நீ சொன்னபடி முறுக்கிக் கட்டினேன். அவிழ்க்க வேண்டுமென்றால் எனக்கே குறடு வேண்டும். நாலாம் கூண்டு, வார வாரம்: பதினான்கு, பதினாறு, ஒன்பது, ஆறு.

கடைசி இரண்டும் இறக்கம். நான் கை வைக்கவில்லை. வலை அப்படியே இருக்கிறது. உள்ளே புழுக்கை இல்லை, எலி வளை இல்லை, வெட்டுக்கிளி கடித்த அரைவட்டம் இல்லை. ஆனால் புல் மேய்ந்த புல்லாகத்தான் இருக்கிறது, அடியோடு படர்ந்து, பாய் மாதிரி. வலைக்குள் விரலை விட்டுத் தொட்டேன். மத்தியான வெயிலில் சுற்றிலும் காய்ந்து கிடக்க, அது மட்டும் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. ஆடு அப்போதுதான் வாயை எடுத்த இடம் அப்படி இருக்கும்.

இன்னொன்று. ஆடுகள் நாலாம் கூண்டுப் பக்கம் போவதில்லை. இருபதடி தள்ளியே திரும்பிவிடுகின்றன. ஆட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "அங்க ஏற்கனவே ஒரு மந்தை நிக்குதுன்னு நினைக்குதுங்க அண்ணே. இன்னொருத்தர் மந்தைக்குள்ள போகாதுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் ஆட்டை ஓட்டி வரவில்லை.

நாலாம் கூண்டிலிருந்து பத்து இலைகளை, நுனியைத் தொடாமல் அடியில் பிளேடால் அறுத்து, காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நுனியைப் பார்த்துச் சொல்.

அப்பா


மே 8

அப்பா,

நுனிகளை லென்ஸில் பார்த்தேன். வெட்டியவை அல்ல, பிய்த்தவை. ஆடு அப்படித்தான் பிய்க்கும். கையால் பிய்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் வருத்தப்படக் கூடாதென்று ஒருமுறை கை வைத்தவர், பச்சையாகப் பார்க்கும் ஆசையில் மறுபடியும் வைத்திருக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அறிக்கையை நேற்றுக் கொடுத்துவிட்டேன். அதில் "நாலாம் கூண்டு கணக்கில் சேர்க்கப்படவில்லை, காவலாளி தலையிட்டார்" என்று ஒரு வரி போட்டிருக்கிறேன்.

எனக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் அப்பா. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மகள்


மே 15

மகளுக்கு,

காவலாளி தலையிட்டார். நல்ல வாக்கியம். முப்பது வருஷத்தில் எதிலும் தலையிடாத ஆள் என்றுதான் எனக்குப் பெயர். அதனால்தான் பதவி உயர்வும் வரவில்லை. உன் புண்ணியத்தில் இப்போதாவது தலையிட்டேன்.

பிப்ரவரியில் கை வைத்தேன், கேட்டதும் சொன்னேன். ஏப்ரலில் வைக்கவில்லை. இதை இன்னும் சத்தமாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அறிக்கை போனாலும் அளவு அளவுதான். நாலாம் கூண்டு நான்கு. முழங்கால் உயரம் நின்ற ஐந்தாம் கூண்டு பதினொன்று. ஆடு வராமல் மூன்று வாரமாகிறது. ஓடுபாதை ஓரத்துப் புல் ஒரு சென்டிமீட்டர்கூட வளரவில்லை.

அப்பா


ஜூன் 2

அப்பா,

போன வியாழக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன்.

உங்களுக்கோ அம்மாவுக்கோ சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்தேன். அதை வேறு வார்த்தையில் எழுதினால் பொய்யாகிவிடும். பேருந்து நிறுத்தத்திலிருந்து சாலை வழியாக நடந்து வந்து, வேலிக்கு வெளியே புல் உயரமாக நின்ற இடத்தில் மறைந்து நின்றேன். மத்தியானம் இரண்டு மணி. காவல் அறை வாசலில் நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினீர்கள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

நாலாம் கூண்டில் புல் குறைந்துகொண்டிருந்தது.

காற்று இல்லை. ஒரு கொத்து ஒரு பக்கமாகச் சாயும், வெடுக்கென்று ஒரு இழுப்பு, பிறகு குட்டையாக நிமிரும். அடுத்து அதன் பக்கத்துக் கொத்து. அரைவட்டமாக, ஆடு கழுத்தைத் திருப்பித் திருப்பி மேய்கிற மாதிரியே. நான் கால் மாற்றி நின்றபோது ஒரு சருகு நொறுங்கியது. உடனே அந்த அசைவு நின்றது. மேய்கிற ஆடு ஆள் அரவம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்குமே, அவ்வளவு நேரம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

நான் ஓடிவிட்டேன். உங்களை எழுப்பவில்லை. உங்களை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன் அப்பா. ரயிலில் ஏறிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த வரியைத் திருத்தச் சொல்லி நாளைக்கே பேராசிரியரிடம் போகிறேன். அவர் சிரித்தாலும் பரவாயில்லை. நீங்கள் இன்றே வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இங்கே வந்துவிடுங்கள்.

உங்களை நம்பாத மகள்


ஜூன் 7

கண்ணு,

கையெழுத்துப் போடுகிற இடத்தில் அப்படியெல்லாம் எழுதாதே. அம்மா படித்தால் என்னைத்தான் கேட்பாள்.

நான் தூங்கவில்லை. தொப்பியில் ஓட்டை இருக்கிறது. காவல்காரன் தொப்பியில் இல்லாமல் வேறு யார் தொப்பியில் இருக்கும்? நீ வந்ததையும் மறைந்ததையும் பார்த்தேன். எதற்கு வந்தாய் என்றும் புரிந்தது. கூப்பிட்டால் கூனிக் குறுகிப் போவாயே என்று முதலில் பேசாமல் இருந்தேன்.

பிறகு பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. நீ கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடே போகாத அந்த இடத்தில், இடுப்பளவு புல் வரிவரியாக இறங்கிக்கொண்டே உன் பக்கம் வந்தது. கத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் மந்தைக்கு நடுவில் ஆள் நிற்கும்போது சத்தம் போட்டால் மந்தை மிரளும். மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நீ ஓடினாய். அது உன் பின்னால் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் தொப்பியை எடுத்தேன்.

சாயங்காலம் போய் அளந்தேன். பழக்க தோஷம். உன் கால் மிதித்த இரண்டு இடத்தில் மட்டும் புல் நீளமாக மடங்கிக் கிடந்தது. சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்காரன் ஆராய்ச்சிதான், இருந்தாலும் கேள். நான் நாற்காலியில் இருக்கிற நாளெல்லாம் அது வேலிக்கு உள்ளேதான் மேய்கிறது. நீ வந்ததற்கு முந்தைய இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளில்தான் வெளியே வந்திருக்கிறது. வியாழக்கிழமை நான் மறுபடி வந்து உட்கார்ந்து, ஒரு நாள் ஆன பிறகுதான் உள்ளே திரும்பியது. மந்தை என்றால் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் போல. அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அதற்கு அடுத்தது பள்ளிக்கூடம்.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் இருமு. எனக்கு மாற்று ஆள் வந்ததும் வருவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். மாற்று ஆள் நான் கேட்கவில்லை.

பேராசிரியரிடம் போயிருந்தாலும் திரும்பப் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன், அப்பா ஒப்புக்கொண்டார் என்று சொல்லிவிடு. இந்தக் கடிதத்தைக் காட்டாதே, கிழித்துப் போடு. காவலாளி தலையிட்டார் என்றே இருக்கட்டும். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பார்க்கிறேன் என்று யாரும் இங்கே கிளம்பி வர மாட்டார்கள்.

நீயும் வராதே, கண்ணு.

அப்பா