கேட்டுச் சொல்றேங்க, சம்பந்தி

சம்பந்தி,

உங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலைச் சிலுவையை இன்று காலை கையில் எடுத்தேன். பச்சையாக இருந்தது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ஓலை வாசத்தோடு உங்கள் அடுப்படிப் புகை வாசமும் லேசாக வருகிறது. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல், வீங்கிய விரல்களோடு உட்கார்ந்து நீங்கள் மடித்தது. ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குட்டையாகவும் வந்தது. "கோணலாப் போச்சுங்களே" என்றேன். "ஆண்டவர் சுமந்தது மட்டும் ஆசாரி இழைச்சுக் குடுத்ததுங்களா?" என்று கேட்டுவிட்டு அதையே செருகினீர்கள்.

வருகிற புதன்கிழமை உங்களுக்கு விபூதிப் புதன். வீடுகளில் இருக்கும் பழைய ஓலைகளைக் கோயிலில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி அறிவித்திருக்கிறார்கள். அவற்றை எரித்துத்தான் அன்றைக்கு எல்லோர் நெற்றியிலும் பூசும் நீறு தயாராகிறது. "அம்மா, அந்தச் சிலுவையை எடுத்து வைங்க, போறப்ப குடுத்துட்டுப் போயிடலாம்" என்று உங்கள் மருமகள் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். நான் எடுத்தேன். எடுத்து, என் கைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்த பிறகு உங்கள் கைபட்டுச் செய்ததென்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதைப் போய் யார் எரிக்கக் கொடுப்பார்கள்?

நமக்குள் முதல் பேச்சு நல்லபடியாகத் தொடங்கவில்லை. என் மகள் கலைவாணி உங்கள் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அது போதாதென்று கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கப் போவதாகவும் சொன்னாள். என் வீட்டுக்காரர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். சண்டை போடத் தெம்பு வேண்டும் அல்லவா? தருமபுரியில் பஸ் பிடித்துப் பொம்மிடி வந்து, அங்கிருந்து ஆட்டோவில் உங்கள் ஊருக்கு வந்து இறங்கினேன். காலமெல்லாம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கிய பள்ளிக்கூட டீச்சர் நான். அன்றைக்கும் கேள்விகளோடுதான் வந்தேன்.

நீங்கள் குச்சிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தீர்கள். பொட்டும் பூவுமாக இருந்த உங்களைப் பார்த்தும், "எம் பொண்ணு பொட்டு வெக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"நான் வெச்சிருக்கறது என்னங்க, கொசு கடிச்ச தழும்பா?"

"தாலி?"

"தாலி இல்லாம எந்த ஊருல கல்யாணம்? சிலுவை போட்ட தாலி. உங்க ஊர் ஆசாரிகிட்டயே செய்யச் சொல்லுங்க, எனக்கும் அலைச்சல் மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பேரம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிய கேள்வியை எடுத்தேன். நாளைக்குப் பேரனோ பேத்தியோ பிறந்தால் எங்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்த விடுவீர்களா?

கத்தியைக் கீழே வைத்தீர்கள். "அதுக்குச் சரின்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஞானஸ்நானம் வாங்கின குழந்தைக்கு வேற சாமிக்கு நேர்ந்து மொட்டை போட மாட்டோம். இன்னிக்கு உங்க மனசு குளிரச் சரின்னுட்டு நாளைக்கு இல்லைன்னா நீங்க என்னைய நம்புவீங்களா? ஆனா குழந்தை உங்க வூட்டுக்கு வரும். உங்க மடியில கெடக்கும். உங்க கொலதெய்வக் கதையை நீங்க சொன்னா கேக்கும். அதைத் தடுக்க நான் யாருங்க?"

அந்த 'முடியாது' எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனால் உங்களை நான் நம்ப ஆரம்பித்ததும் அந்த இடத்தில்தான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஆடிய தலையெல்லாம் தாலி ஏறும்வரைதான் என்று எனக்குத் தெரியாதா?

கிளம்பும்போது, கேட்க வந்த கேள்வியைக் கடைசியாகக் கேட்டேன். "எம் பொண்ணு எனக்கு இல்லாமப் போயிடுவாளாங்க?"

நீங்கள் ஆட்டோ வரைக்கும் கூடவே நடந்து வந்தீர்கள். "இதுக்கு வாயால பதில் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும். கூட இருந்து பாருங்க" என்றீர்கள்.

கல்யாணத்தன்று நான் செய்த கூத்து நம் இரண்டு ஊரிலும் இன்றுவரை பேசப்படுகிறது. பூசையின் நடுவே எல்லோரும் எழுந்து வரிசையாகப் பீடத்துக்குப் போனார்கள். சாமியார் ஏதோ வெள்ளையாகக் கையில் கொடுக்க, வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். மணப்பெண்ணின் தாய் பிரசாதம் வாங்காமல் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நானும் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, வலது கையைக் குழித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று இடது கையில் தட்சணைக்கு ஒரு நோட்டு வேறு.

பாதி வழியில் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். நீங்கள். "சம்பந்தி, இது பிரசாதம் இல்லீங்க. நன்மை. ஞானஸ்நானம் வாங்கி, ஆயத்தம் பண்ணினவங்க மட்டும் வாங்கறது. எங்களுக்கு இது ஆண்டவரோட உடம்பு" என்று காதருகே சொன்னீர்கள். சனம் முழுக்கப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. முகம் எரிந்தது. எனக்கு இல்லாதது என் மகளுக்கு உண்டு. அவள் கழுத்து நிறைய மாலையோடு முன்னால் நிற்கிறாள், நான் பாதி வழியில் திரும்ப வேண்டும். பயந்தது நடந்துவிட்டது, பெண் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று மனசு சொன்னது. வாசற்படியில் நின்றபடியே கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்துவிட்டார்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீங்களும் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வரிசை முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது.

"நீங்க போங்க, உங்க பையன் கல்யாணம்" என்றேன்.

"அடுத்த பூசைக்கு வாங்கிக்கறேங்க. இன்னிக்கு உங்ககூட உக்காந்திருக்கறேன்."

நன்மை என்பது உங்களுக்கு என்ன என்று அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. மகனுடைய கல்யாணப் பூசையில் அதை வாங்காமல் இருப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னால் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டபோது, அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று வருந்தினேன். நீங்கள் என்னோடு உட்கார்ந்ததையும் பார்த்திருந்த என் வீட்டுக்காரர், பந்தியில் உங்களிடம் தானாகப் போய், "பாயசம் போட்டுக்குங்க சம்பந்தி" என்றார். அவருக்கு அதற்கு மேல் பேச வராது.

அதற்குப் பிறகு காலையில் நீங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் நமக்குப் போன் நேரம். சாமியாரிடம் பாவத்தைச் சொன்னால் ஊரெல்லாம் பரவிவிடாதா என்று கேட்டேன். "உசுரு போனாலும் அவர் வெளிய சொல்லக் கூடாதுங்க" என்றீர்கள். எங்கள் தெருவில் சொல்லாமலே பரவும் என்றேன். மாதாவைக் கும்பிடுகிறீர்களே, அப்போது அவரும் சாமிதானே என்றதற்கு, "கும்பிடறது கடவுளைத்தான். மாதாகிட்ட நமக்காகச் சொல்லச் சொல்லிக் கேக்கறது. உங்க வூட்டுக்காரர்கிட்ட ஒரு காரியம் ஆகணும்னா நான் உங்ககிட்டதான சொல்றேன்?" என்றீர்கள். தவக்கால வெள்ளிக்கிழமையில் கறி ஆகாது, மீன் மட்டும் எப்படி ஆகும் என்று மடக்கினேன். "சட்டத்துல ஆகுமுங்க. ஆனா ஒகேனக்கல் மீனை மொறுமொறுன்னு வறுத்துத் தின்னுட்டு வாயைக் கட்டி ஒறுத்தல் பண்றேன்னு சொன்னா ஆண்டவருக்கே சிரிப்பு வந்துரும்" என்றீர்கள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி நீங்கள் சொன்னதே இல்லை. "கேட்டுச் சொல்றேங்க" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரை வழிமறித்துக் கேட்டு, மறுநாள் பாலுக்குப் போகும் முன்பே போன் அடித்துவிடுவீர்கள். "உங்க டீச்சர் சம்பந்தி கேள்வியா?" என்று அவரே கேட்கும் அளவுக்கு நான் பிரபலமாகியிருந்தேன்.

இந்த ஓலை விசயத்தில்தான் என் இன்னொரு கூத்தும். கல்யாணமான வருடம் பொங்கல் சீரோடு வந்தவள், போகியன்று சும்மா இருக்க மாட்டாமல் உங்கள் வீட்டை ஒட்டடை அடித்தேன். பிய்ந்த பாய், தேய்ந்த துடைப்பம், அவற்றோடு படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடந்த ஓலைகள், எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தினேன். கலை ஓடி வந்து, "அய்யய்யோ அம்மா, அது மந்திரிச்ச ஓலை!" என்று கத்தினாள். சாமி குத்தம் ஆகிவிட்டதா, இதற்கு என்ன பரிகாரம் என்று பதறினேன்.

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "எரிக்கறதுக்குன்னே இருக்கற ஓலைங்க அது! கோயில்ல எரிப்பாங்க, நீங்க வாசல்ல எரிச்சுட்டீங்க. சாமியாருக்கு ஒரு வேலை மிச்சம்." மந்திரித்தது கால்படும் இடத்தில் கிடக்கக் கூடாதென்று, ஆறிய சாம்பலை முறத்தில் வாரி, கறிவேப்பிலைச் செடியடியில் குழி பறித்துப் புதைத்தீர்கள். அப்போதுதான் விபூதிப் புதனைப் பற்றிச் சொன்னீர்கள். ஒருநாள் மண்ணாகப் போகிறவர்கள், மனசைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று ஞாபகப்படுத்தத்தான் அந்த நீறாம். "நன்மைதான் எங்களுக்கு மட்டும். நீறு யார் வேணாலும் வாங்கலாமுங்க. மண்ணாப் போறதுல உங்காளு எங்காளுன்னு இருக்குதா? ஒரு வருசம் வாங்க சம்பந்தி." வருகிறேன் என்பேன். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து நான் கேட்டதுதான் நம்முடைய கடைசிக் கேள்வி. நோயாளிக்குச் செபித்து எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலை முடித்து அப்போதுதான் சாமியார் போயிருந்தார். எண்ணெய் உங்கள் நெற்றியில் மினுங்கிக்கொண்டிருந்தது. அழக் கூடாது என்று பேச்சுக் கொடுத்தேன். "உங்க மோட்சத்துல எனக்கெல்லாம் எடம் உண்டாங்க? நீங்களும் நானும் ஒரே எடத்துலதான் இருப்பமா?"

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "அவரோட இரக்கத்துக்கு வேலி போட நான் யாருங்க" என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, கண்ணில் அந்தப் பழைய குறும்போடு, "கேட்டுச் சொல்றேங்க" என்றீர்கள்.

அடக்கத்தன்று கைப்பிடி மண் போடும் வரிசையில் எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார். கல்யாணத்தன்று கோயில் வாசற்படியைத் தாண்டாத மனுசன்.

ஓலையை ஒளித்து வைத்தது கலைக்குத் தெரிந்துவிட்டது. "வேணும்னா வெச்சுக்கங்கம்மா, கட்டாயமில்லை" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. நாங்கள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, கும்பிட்டு, கடைசியில் தண்ணீரில் கரைக்கிறவர்கள். அழகாக வந்துவிட்டார் என்று எந்தப் பிள்ளையாரையும் பீரோவில் வைத்துப் பூட்டியதில்லை. எரியத்தான் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன ஓலையை நான் மட்டும் பூட்டி வைக்கலாமா? நானே கோயிலுக்குப் போய்க் கூடையில் போட்டேன். மற்ற ஓலைகளுக்கு நடுவே அந்தக் கோணல் சிலுவை தனியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

மடலை அங்கே நிறுத்தியிருந்தேன். இப்போது புதன்கிழமை மத்தியானம், மீதியை எழுதுகிறேன்.

காலையில் கோயிலுக்குப் போனேன் சம்பந்தி. நீறு வரிசையில் நின்றேன். இந்த முறை யாரும் முழங்கையைத் தொடவில்லை. சாமியார் என் நெற்றியில் சிலுவை வரைந்தபோது, தினமும் நான் பூசும் விபூதியின் மேலேயே அது விழுந்தது. அந்தச் சாம்பலில் உங்கள் விரல் மடித்த ஓலை எத்தனை துகள் இருந்ததோ, தெரியாது. அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

பிறகு நன்மை நேரம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். கலை என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. "நான் அடுத்த பூசைக்கு வாங்கிக்கறேம்மா. உங்ககூட உக்காந்திருக்கறேன்" என்றாள். அன்றைக்கு மாலையும் கழுத்துமாக முன்னால் நின்றவள், முதுகுக்குப் பின்னால் நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வழியில்லை. உங்களோடு ஒரே அடுப்படியில் இருந்து படிந்த பேச்சு அது.

"எனக்கு ஒண்ணும் இல்லை, நீ போ. அத்தை பாத்துட்டு இருப்பாங்க. போய் வாங்கிட்டு வா" என்று நான்தான் அவளை எழுப்பி அனுப்பினேன். வரிசையில் அவள் முதுகு மறைந்தது. எனக்குப் பயமாக இல்லை. கூட இருந்து பார்க்கச் சொன்னீர்களே, பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் குவித்த கையும் குனிந்த தலையுமாகத் திரும்பி வந்தாள். முன் பெஞ்சுகளில் இடம் இருந்தது. அவள் நேராக வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

முதல் நாள் கிளம்பும்போது கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது சம்பந்தி. கடைசியாகக் கேட்டதற்கு அவசரமில்லை, மெதுவாகவே கேட்டுச் சொல்லுங்கள்.