ஐம்பத்தெட்டு கிராம்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் ஒன்றைக் கக்கிவிடுகிறேன். அது வெளியே வந்தால்தான் மற்றது வரும். என் தலைமுடி கறுப்பு இல்லை. முப்பத்தொன்பது வயதிலிருந்தே மைதான். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு, யாரையோ கொலை செய்துவிட்டுத் தடயம் அழிப்பவன் மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். போன வாரம் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கதவை நெம்பித் திறந்தபோது நான் பாதி கறுப்பு, பாதி வெள்ளை, இடுப்பில் துண்டு, கையில் பிரஷ். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. "சார், காதுக்கு மேல விட்டுட்டீங்க" என்று மட்டும் சொன்னார். இப்போது தெருவுக்கே தெரியும்.

மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். "என்ன எண்ணெய் மச்சான் தேய்க்கிறீங்க?" என்று அவர் கேட்க, வாய்க்கு வந்ததை ஒன்று சொல்லிவைத்தேன். பாவம், இரண்டு வருஷமாக அதையே தேய்க்கிறார்.

இவ்வளவு பெரிய அவமானத்தைச் சொல்லிவிட்டதால் அடுத்தது உனக்குச் சின்னதாகத் தெரியும் என்பது என் கணக்கு. ஜூன் மாதம் ஆறு நாள் மலை சைக்கிள் பந்தயம். ஜோடி ஜோடியாக ஓட வேண்டும். என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் கொடுத்துவிட்டேன். போனில் நீ சொன்னது நியாயம்தான்: "நீ பேசினா எனக்குச் சிரிப்பு வந்துடும். சிரிச்சா சரின்னு சொல்லிடுவேன். எதுவா இருந்தாலும் எழுதிக் கேளு." இதோ, எழுதிக் கேட்கிறேன். அனுப்பி வைப்பாயா?

உன்
சவடால் அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

மை விஷயம் எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். எங்கள் வீட்டுத் தலையணை உறைகளில் நீ படுத்த இரண்டை இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். வெளுக்கவே இல்லை.

அவரைக் கேட்டேன். "உங்கண்ணன் கேட்டாரு, நான் சரின்னுட்டேன்" என்றார். உனக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. லிஃப்ட் குழிக்குள்ளேயே இருபத்திரண்டு வருஷம் வேலை. "தலைக்கு மேல கான்கிரீட் இல்லாம ஆறு நாள் இருந்து பாக்கணும்" என்கிறார்.

சரி, வரட்டும். ஆனால் என்ன எடுத்துப்போகிறீர்கள் என்பதை நான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும், எடையோடு. விசில், கட்டுத்துணி, உடம்புச் சூடு போகாமல் காக்கிற வெள்ளித் தாள் போர்வை, இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மில்லிகிராம் பார்க்கிறவள் நான், தெரியுமில்லையா? 'சுமார்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அவர் எண்பத்தெட்டு கிலோ, நீ அறுபத்தொன்று. உனக்குச் சரியானது அவருக்குச் சரியாகாது. அதை மனதில் வைத்துக்கொண்டு சைக்கிள் பார்.

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தராசுத் தங்கச்சிக்கு,

பல்செட்டுக்கு மாவு நிறுக்கிற தராசில் சைக்கிள் சாமான் நிறுக்கிறேன். என் பட்டறைப் பையன்கள் இருவரும் எனக்குக் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு அம்மாளின் மேல்தாடையும் பிரேக் பேடும் ஒரே தட்டில் கிடந்ததைப் பார்த்த பிறகு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சைக்கிள்: மாப்பிள்ளைக்கு முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் உள்ளது. கடைக்காரர் அவரை ஏற்றி உட்காரவைத்து, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துதான் காற்று வைத்தார். பதின்மூன்று கிலோ நானூறு. எனக்கு முன்னால் மட்டும் ஸ்பிரிங், பத்து கிலோ தொள்ளாயிரம். "இறக்கத்தில இடுப்பு கழண்டுரும் சார்" என்றார். "ஏற்றத்தில உயிரோட இருந்தாத்தானே இறக்கம்" என்றேன். சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாத கடை.

டயர்: டியூப் இல்லாதது, உள்ளே பால் மாதிரி ஒரு திரவம். முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். அவருக்குப் பக்கச்சுவர் தடித்தது, எனக்கு மெல்லியது. பொதுப் பையில்: அவசரத்துக்கு ஒரு டியூப், கைப்பம்ப், செயின் இணைப்பு இரண்டு, பிரேக் பேடு இரண்டு ஜோடி, கியர் தொங்கும் கொக்கி ஒன்று, மடக்குச் சாவிக்கொத்து. எல்லாம் சேர்த்து எழுநூற்று நாற்பது கிராம். நீ கேட்ட விசிலும் கட்டுத்துணியும் சேர்த்தாயிற்று. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதி அறுத்துவிட்டேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "தலைக்குள்ள இருக்கிறதையும் எடுத்து வெச்சிட்டுப் போங்க, இன்னும் குறையும்" என்றாள். ஜட்டியின் லேபிளைக் கூட வெட்டினேன். எடை காட்டவில்லை, ஆனால் மனதுக்கு லேசாக இருந்தது.

பந்தய விதி ஒன்று: ஜோடியில் இருவரும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிரியக் கூடாது. பிரிந்தால் தண்டனை நேரம். ஆக, நான் அவருக்குக் கட்டிய கன்றுக்குட்டி. மாற்றுத்துணிக்கு ஜோடிக்கு ஒரே பெரிய பை, முகாமுக்கு முகாம் லாரியில் வந்துவிடும். முதுகுப்பை ஒன்று, அது என் முதுகில்.

அந்த வெள்ளித் தாள் போர்வை அவசியமா? ஜூன் மாதம், நல்ல வெயில்.

உன்
சவடால் அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசியம்.

மலையில் விழுந்தவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள். எலும்பு உடைந்ததால் யாரும் சாவதில்லை அண்ணா. ஆள் வரும்வரை காத்துக் கிடப்பதில்தான் சாகிறார்கள். நனைந்த உடம்பு, காற்று, அசைய முடியாத கால். இந்த மூன்றும் சேர்ந்தால் ஜூன் என்ன, எந்த மாதமானாலும் ஒன்றுதான்.

போர்வையை நானே வாங்கிவிட்டேன். ஐம்பத்தெட்டு கிராம். கைவிரல் விறைத்திருந்தாலும் கண்ணில் படட்டும் என்று சிவப்புத் துணியில் உறை தைத்து, வாயில் கயிறு கோத்திருக்கிறேன். உறை நான்கு கிராம். அவரிடமும் காட்டிவிட்டேன்: "குளிருச்சுன்னா வேற யோசனையே வேணாம், சிவப்பைப் பிரிங்க." சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

மற்ற பட்டியல் சரி. மை எடுத்துப்போகாதே. ஆறு நாளில் உன் தலை நரைத்துவிட்டது என்று யாரும் பந்தயத்திலிருந்து நீக்க மாட்டார்கள்.

இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டில் ஒன்று போனால் மீதி என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ ஒரு வரி எழுதித் தா: பை உன் முதுகில், சிவப்பு பையில்.

உன் தங்கை


ஜூன் 8, இரண்டாம் முகாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒரு வரி என்ன, இரண்டாகவே வைத்துக்கொள்: பை என் முதுகில். சிவப்பு பையில்.

பின்பக்கம் என்று ஒன்று எனக்கு இருந்தது, இப்போது இல்லை. கூடாரத்தில் குப்புறப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன். கடைக்காரர் சொன்னது சரி, அவரிடம் சொல்லிவிடாதே. முதல் நாள் சோதனையில் நடுவர் அம்மாள் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். உன் உறையைத் தூக்கிப் பார்த்து, "யார் தச்சது? அழகா இருக்கே" என்றார். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கப்புறம் சோதனை கிடையாதாம்.

அவரைப் பார்த்தால் நீ அடையாளம் கண்டுகொள்ள மாட்டாய். ஏற்றத்தில் பாடுகிறார்! எனக்கு மூச்சே வரவில்லை, இவர் பாடுகிறார். தினமும் கிளம்பும்போது என் பையைத் தட்டி, "சிவப்பு இருக்கா மச்சான்?" என்கிறார். "இருக்கு மாப்பிள்ளை" என்கிறேன். அப்புறம்தான் பெடலை மிதிக்கிறார்.

கடைசி நாள் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுப்பார்களாம். ஒன்று அனுப்புகிறேன்.

உன்
சவடால் அண்ணன்


ஜூலை 19

தங்கச்சிக்கு,

சடங்கெல்லாம் முடியும்வரை நீ என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் பழக்கதோஷத்தில் எங்கே ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தொலைப்பேனோ என்று பயமாக இருந்தது. நீ எழுதிக் கேட்கச் சொன்னவள். அதனால் எழுதியே சொல்கிறேன்.

நான்காம் நாள், பதினோரு மணி. கணவாயைத் தாண்டியதும் மேகம் கீழே இறங்கிவிட்டது. மழை, பிறகு ஆலங்கட்டி. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பிரேக் போடும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. வேர் ஒன்றில் சக்கரம் வழுக்கி, பாதைக்குக் கீழே பத்தடியில் கிடந்தார். தொடை எலும்பு. கத்தவில்லை. "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டார்.

போனில் சிக்னல் இல்லை. விசில் ஊதினேன். அந்த மழையில் என் காதுக்கே கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் கணவாய்க்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் மழைச் சட்டையைக் கழற்றி அவர் மேல் போட்டேன். பையை அவர் தலைக்கு வைத்தேன்.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். போர்வை பையில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நான்தான் எடுத்துப் பெரிய பைக்குள் திணித்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது, வானம் பளிச்சென்று இருந்தது, பிரஷ்ஷையே அறுத்தவன் நான், ஒவ்வொரு கிராமும் கல்லாக இருந்தது. எடை, தங்கச்சி. வேறு காரணம் எதுவும் இல்லை. ஐம்பத்தெட்டு கிராமைத் தூக்க முடியாமல் போய்விட்டது உன் அண்ணனுக்கு.

கிளம்பும் முன் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை, சிவப்பு பையில இல்ல, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சிரித்தார். "விடுங்க மச்சான், ஐம்பத்தெட்டு கிராமுக்கா அழுவீங்க? போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓடினேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் எழுந்து நடமாடுகிறேன். நான்கரை மணிக்கு மீட்புக் குழுவோடு திரும்பி வந்தபோது அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

தலையை மழித்துவிட்டேன். வளர்ந்தால் வெள்ளையாகவே வளரட்டும். அவர் என்னை மன்னித்தார். நீயும் மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையாவது உன்னிடம் வந்து சேரட்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

முதுகுப்பையை அவருடைய சாமான்களோடு சேர்த்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்றுதான் பிரித்தேன். மருந்தகத்துக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் நிறுத்தேன். டியூப், பம்ப், செயின் இணைப்பு, பிரேக் பேடு, கொக்கி, சாவிக்கொத்து. நீ எழுதிக் கொடுத்த எழுநூற்று நாற்பது சரியாக இருக்கிறது. கட்டுத்துணி நனைந்திருந்ததால் நிறுக்கவில்லை.

சிவப்பு உறை பைக்குள் இல்லை. அது தனியாக, எண் ஒட்டிய பிளாஸ்டிக் கவரில் வந்தது. கூடவே மீட்புக் குழுவின் தாள். அதில் 'வலது கையில் இருந்தது' என்று எழுதியிருக்கிறது. கயிற்றின் முடிச்சு பல்லால் கடித்து அவிழ்க்கப்பட்டிருக்கிறது. விரல் மடங்காமல் போனவர்கள் அப்படித்தான் அவிழ்ப்பார்கள். பையின் மற்ற ஜிப் எதையும் அவர் தொடவில்லை. நேராக அதைத்தான் எடுத்திருக்கிறார்.

உறை நான்கு கிராம். உள்ளே இருந்த மை டப்பா, மூடியோடு, தொண்ணூற்றாறு.