ஜன்னலோர நாற்காலி

அக். 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வர்ற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போயிற்று. தடுப்பூசி வைக்கும் சோலார் ஃப்ரிட்ஜுக்கு குளிர் குறைந்தால் கத்தும் அலாரம் பாதி முடிந்தது. சாலிடரிங் அயர்ன் சூடேறவில்லை. புதுசு வாங்கணும்.

ஸ்டெல்லா அக்கா ராஜினாமா. நாமக்கல் தீவனக் கம்பெனியாம். மாசக் கடைசி வரைதான் இங்கே. அடுத்த மாதம் அய்யலூர்ப் பக்கம் ஆடுகளுக்கு ஊசி முகாம். அக்கா இல்லாவிட்டால் பாதிப் பேர் ஆட்டைப் பிடித்தே தர மாட்டார்கள். போன தடவை வேறு ஆள் போனதற்கு ஒரு அம்மா "ஸ்டெல்லா வரட்டும்" என்று பட்டியைச் சாத்திவிட்டது.

எங்கள் தொண்டு நிறுவன இயக்குநர் சார் கூப்பிட்டார். "நல்ல ஆளுக யாரும் தங்க மாட்டேங்கிறாங்க தம்பி. கம்பெனி மாதிரி நம்மளால சம்பளம் குடுக்க முடியாது. வேற என்னதான் காரணம்? நீ இன்ஜினியர், கண்டுபிடி."

முதலில் கடுப்பு. அப்புறம் கேள்வி பிடித்துவிட்டது. எங்கே ஒழுகுது?

அக். 7, செவ்வாய்

விலகிப் போனவர்களுக்கு போன். பழனிச்சாமி அண்ணன், தொப்பம்பட்டி. இப்போது கோழிப்பண்ணை. "ஏனுங்க தம்பி, சம்பளம் கம்மின்னு தெரிஞ்சுதானுங்க வந்தேன். ஊர் ஊரா சுத்துன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டிக்காரன்னு சொல்லி ஆபீஸ்ல உட்கார வெச்சுட்டாங்க. நிதி குடுக்கறவங்களுக்கு அறிக்கை எழுதோணுமாம். முதுகு வலிதானுங்க மிச்சம்."

அடுத்து ஜெபா, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை. ஒரே ஹாரன் சத்தம். அண்ணன் கதையைச் சொன்னேன். "ஏலே, எனக்கும் அதே நாற்காலிதான். ஜன்னலோரம்." சிரிக்கிறான்.

ஜன்னலோர நாற்காலி. இப்போது அதில் ஸ்டெல்லா அக்கா. ஜூனில் பதவி உயர்வு, ஆவண ஒருங்கிணைப்பாளர். கேக் வெட்டினோம். நானும் ரெண்டு துண்டு தின்றேன்.

அக். 8, புதன்

சாப்பாட்டு நேரம். இன்றும் கோஸ் வெஞ்சனம். ஏன் போறீங்க என்று அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"ஆட்டைத் தொட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமாலே? ஆட்டுப் போட்டோவுக்குக் கீழ தலைப்பு எழுதிக்கிட்டு இருக்கேன். அந்தக் கம்பெனியில ஊர் ஊராப் போகச் சொல்றாங்க."

"இதை சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"பொன்னாடை போட்டு, 'வளர்ந்துட்டம்மா'ன்னு கண்ணு கலங்குனாரு. அந்த மனுசன்கிட்டப் போய் வேணாம்னு எப்படிச் சொல்ல? நீ சொல்லிருவியா?"

"சொல்லுவேன்."

"கிழிச்ச. அந்த ஊறுகாயை எடு."

அக். 9, வியாழன்

சாருக்கு ஒரு பக்கம் எழுதினேன். பூசி மெழுகவில்லை. 'யார் ஒரு வேலையை நன்றாகச் செய்கிறாரோ அவரிடமிருந்து அதைப் பிடுங்குகிறோம். அதற்குக் கேக் வேறு வெட்டுகிறோம். அக்காவைத் திரும்ப ஆட்டுக்கு அனுப்புங்கள், சம்பளத்தைக் குறைக்காமல்.'

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

அக்கா வெளியே வந்து என் மேசைக்கு அடியிலிருந்த ஊசிப் பெட்டியை இழுத்தார். தூசி தட்டினார். "நாமக்கல்லுக்கு வரலன்னு சொல்லணும். என்ன சாக்கு சொல்லலாம்?"

உண்மையைச் சொல்லுங்க என்றேன். முறைத்தார்.

அக். 10, வெள்ளி

தூறல். புது சாலிடரிங் அயர்ன் அருமை.

மத்தியானம் சார் கூப்பிட்டார். மேசையில் நான் எழுதிய பக்கம், வரிக்கு வரி அடிக்கோடு. "இம்புட்டுத் தெளிவா எழுதுற ஆளை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி உட்கார வெச்சிருக்கேனே தம்பி! இனி ஜன்னலோர நாற்காலி உனக்குத்தான்." பொன்னாடை. கண் கலங்கல்.

"சரிங்க சார்" என்றது நான்தான்.

வெளியே கேக். கையில் ஹெல்மெட், வாயில் கேக்கோடு ஸ்டெல்லா அக்கா: "வேணாம்னு சொல்லிட்டியா அப்பு?"

அலாரத்தில் இன்னும் ரெண்டு ஒயர் தொங்குது. முகாமுக்குள் முடித்தாக வேண்டும். நாளைக் காலை முதல் வேலை: பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கணும். அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொல்லணும். வாயால் மட்டும். எழுதிக் கொடுக்கவே கூடாது.