உள்ளங்கால் மை

மார்ச் 24, திங்கள்

ரக்ஷனாவுக்கு இன்று பட்டை மாட்டினார்கள். பிறந்து ஏழு வாரம்தான். இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்காராமல் வெளியே நிற்கிறதாம். இரண்டு கால்களையும் மடக்கி, அகட்டி, தவளை மாதிரி வைத்திருந்தால் தானாக உள்ளே போய்விடுமாம். தோளிலிருந்து பாதம் வரை வெள்ளைப் பட்டை. கழற்றவே கூடாது. குளியல் கிடையாது, துடைத்துவிடலாம்.

உள்ளங்காலில் திருஷ்டிக்கு மை வைக்கலாமா என்று கேட்டேன். நர்ஸ் பரீதா சிரித்துவிட்டார். "பாதமெல்லாம் உள்ள போயிடும்லா, பவித்ரா. கன்னத்துல வைங்க."

மார்ச் 26

அழுகை. பட்டைக்குள் இருந்துகொண்டே என்ன உதை! "ஃபுட்பால் டீம்ல சேத்துடலாம்" என்கிறார் அவள் அப்பா அருண். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உதை வாங்குவது யார்?

மார்ச் 29, சனி

அப்பாடா. இன்று உதையே இல்லை. நல்ல தூக்கம். தலைக்குக் குளித்தேன், சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு அருணின் அக்கா ரோஷினி வந்திருந்தார். "என்ன சமத்து பாரு! பட்டை பழகிட்டா லா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண் பட்டுவிடுமே என்று கன்னத்துப் பொட்டைப் பெரிதாக வைத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பழகவில்லை.

வாரச் சோதனைக்குப் போனோம். பரீதா பட்டையைத் தளர்த்தி உள்ளங்காலை விரலால் சுரண்டினார். வலது கால் வெடுக்கென்று நீண்டது. இடது முழங்கால் நீளவில்லை. மறுபடி சுரண்டினார். இல்லை. எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

மடக்கி வைத்ததில் தொடை நரம்பு அமுங்கிவிட்டதாம். முழங்காலை நீட்டும் சக்தி போய்விட்டது. பெரும்பாலும் திரும்பி வரும் என்கிறார் டாக்டர். பெரும்பாலும்! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பட்டையைக் கழற்றிவிட்டார்கள். நரம்பு திரும்பும்வரை இடுப்புக்கு வைத்தியம் இல்லை.

சனிக்கிழமை நான் கொண்டாடினேனே, அது சமத்து இல்லை. என் பிள்ளையின் கால் விழுந்து கிடந்திருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து சூடாகச் சோறு தின்றிருக்கிறேன். பாவி நான். பெத்தவளா நானு?

ஏப்ரல் 3

அருணோடு சண்டை.

"பட்டையை இழுத்து இறுக்கினீங்களா?"

"நான் ஏன் இழுக்கப் போறேன்? நாள் பூரா கூட இருக்கறது நீதானே?"

எவ்வளவு இறுக்கம் என்று பட்டையில் அவர் போட்டுவைத்த பேனா அடையாளம் நகரவே இல்லை என்று பரீதா அன்றைக்கே சொல்லிவிட்டார். சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும், யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். யார் தப்பும் இல்லையென்றால் நான் யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 5

பட்டைதான் இல்லையே, பாதம் வெளியே இருக்கிறது. குளிப்பாட்டி இரண்டு உள்ளங்காலிலும் மை வைத்தேன். மத்தியானத்துக்குள் வலது கால் மை விரிப்பில், என் சட்டையில், எங்கே பார்த்தாலும். இடது காலில் வட்டம் வைத்தபடியே இருக்கிறது.

ஏப்ரல் 8

வட்டம்.

ஏப்ரல் 11

வட்டம். கேட்காதே.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடிகூடச் செய்யவில்லை. அருண் மட்டும் சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார். விபூதியைப் பிள்ளையின் நெற்றியில் பூசினார். சண்டைக்குப் பிறகு நானாகப் பேசியது இன்றுதான்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"அந்த மை கலையணும்னு."

நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவரும் வேலை முடிந்து வந்ததும் காலைத்தான் முதலில் பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு. இரண்டு பேரும் அழுதோம். பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

ஏப்ரல் 19, சனி

கலைஞ்சிருக்கு!

வட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் இழுவல். முதலில் நம்பவில்லை. என் கைதான் பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். தூக்கி வயிற்றோடு அணைத்தேன். உதைத்தாள். என் மஞ்சள் டீ-சர்ட்டில் கறுப்பாக ஒரு தீற்றல், இடது காலுடையது. அருண் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "இன்னொரு தடவை உதைடி என் ராசாத்தி" என்று முகத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். வாங்கிக்கொண்டார்.

மே 20, செவ்வாய்

நரம்பு வந்த பிறகு பட்டையைத் தளர்வாக மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். இன்று ஸ்கேன். எலும்பு குழிக்குள் போகவே இல்லை. இனிமேல் பட்டை வேண்டாமாம். ஆறு மாதம் ஆனதும் மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்தி, நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. அப்படியே மூன்று மாதம்.

அந்தக் கால் இப்போதுதானே எழுந்தது. அதையா கட்டப் போகிறார்கள்?

பஸ்ஸில் புக்கிட் பாத்தோக்கில் வீடு வரும்வரை அருண் அந்தக் காலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாளைக்கு மாவுக்கட்டு. சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் நிறைத்து ரக்ஷனாவை விட்டோம். தரையெல்லாம் தண்ணீர். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். எலும்பு இப்போது குழிக்குள் இருக்கிறது, நிற்குமா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார்கள். அரிசி மூட்டை கனம் கனக்கிறாள். ஏன் புரள முடியவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. கையை மட்டும் தரையில் அடித்து அழுகிறாள்.

கட்டின் முனையில் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பழக்கத்தில் காலையில் மை வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தேன். இரண்டு காலிலும் வட்டம் வைத்தபடியே இருந்தது. கட்டுதான் காரணம், எனக்குத் தெரியாதா?

அருண் வேலையிலிருந்து வருகிற நேரம். அவர் பார்ப்பதற்குள் என் கட்டைவிரலால் நானே கலைத்துவிட்டேன்.