ராத்தாவின் இடதுகைக் கத்தி

ஜூலை 8, செவ்வாய்

இல்லை, படம் கலங்குவதற்கு லென்ஸ் காரணமில்லை. தளம்தான். நேற்று முழுக்க லென்ஸைத் திட்டியது அநியாயம். கீழே பை தைக்கும் மிஷின்கள் நான்கு ஓடுகின்றன. எங்கள் மேல்தளம் வெறும் பலகை. டிரைபாட் காலில் விரல் வைத்துப் பார்த்தேன். பல்வலி மாதிரி ஓர் அதிர்வு, நிற்காமல். ஒன்றரை முதல் இரண்டு வரை சாப்பாட்டுக்கு நிறுத்துகிறார்கள். அந்த அரைமணிதான் எனக்கு.

மழை விட்டுவிட்டு. ஜன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு ஒரு நிறம்.

செம்பூர் ஸ்டுடியோ வேலைக்குக் கேட்டிருப்பது: ஒரு பொருள். ஒரே ஃப்ரேம். ரீடச் கூடாது. எடுத்தபின் ஒரு புள்ளிகூடத் திருத்தக்கூடாது. முழு அளவு ஃபைல். சனி மாலை ஐந்துக்குள். மனப்பாடம் ஆகிவிட்டது. நகை, வாட்ச், வாசனைத் திரவியக் குப்பி எடுக்கிற இடம். வேலை கிடைத்தால் மாட்டுங்காவின் பாஸ்போர்ட் ஃபோட்டோக்களிலிருந்து விடுதலை. மூன்று வருடமாக ஒரே வாக்கியம்: நாடியைக் கொஞ்சம் இறக்குங்க.

மாலை டூட்டியில் ஒரு மாமி: "கொஞ்சம் வெளுப்பா பண்ணிடேம்மா, விசாவுக்கு." செய்தேன். திரையைப் பார்த்துவிட்டு: "இது நான்தானா?"

பொருள் முடிவாகிவிட்டது. ராத்தாவின் கத்தி.

9, புதன்

கத்தி பற்றி. ராத்தா, என் அக்கா, இரண்டு சந்து தள்ளி ஒரு பர்ஸ் பட்டறையில் தோலின் ஓரம் சீவுகிறாள். மடித்துத் தைக்கிற இடத்தில் தோல் மெலிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புடைக்கும். அதற்கான கத்திக்கு ராப்பி என்று பெயர். ஒரு பக்கம் தட்டை, அதுதான் முதுகு, ராத்தா வாயில் மொதுவு. மறுபக்கம் சரிவு. பட்டறையில் மற்ற எல்லாருடையதும் வலதுகைச் சரிவு. ராத்தா இடதுகை. உடைந்த ரம்பத் தகட்டை வாங்கி, தன் கைக்குத் தானே தீட்டித் தீட்டி உண்டாக்கியது இது. பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது.

"ஃபோட்டோவுக்கா? இந்தச் சவத்தையா? என்னைய எடுக்கக்கூடாதாட்டி?"

"நீ அசைவியே, ராத்தா."

"கல்யாணத்தன்னைக்கு மூணு மணி நேரம் பொம்ம கணக்கா இருந்தேன். கேட்டுப் பாரு."

கொடுத்துவிட்டாள். புதுத் தோல் வெள்ளி மாலைதான் வருகிறதாம். "சனிக்கெழம காலைல எங்கைல இருக்கணும். வேற எவன் கத்தியும் எனக்கு ஆவாது."

எடை உள்ளங்கையில் சரியாக ஒரே இடத்தில் நிற்கிறது. என் மேக்ரோ லென்ஸும் அப்படித்தான். பழையது, முழுக்க உலோகம். ஃபோகஸ் வளையம் தேனில் சுற்றுவது போல் சுற்றும், துளி ஆட்டம் கிடையாது. சில நாள் கேமராவில் மாட்டாமலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

1.30 முதல் 2 வரை, லென்ஸ் துளையை மாற்றி மாற்றி:
எஃப் 8. முனை உண்டு, பிடி போச்சு.
எஃப் 16. எல்லாம் உண்டு, எல்லாமே கொஞ்சம் மந்தம்.
எஃப் 11. இதுதான்.

ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் தட்டைப் பக்கம் முழுக்கக் கீறல். ஆயிரம் கீறல். வெளிச்சம் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுகிறது. எனக்கு வேண்டியது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே வழுக்கல், நடுவில் ஒரு படி இல்லாமல். ரீடச் கூடாது.

சாப்பிடும்போதும் கீறல். உம்மா: "தட்டுல என்ன தேடுத?"

10, வியாழன்

குர்லா. ஸ்டீல் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் கடை. சக்கரத்தின் முன்னால் ஒருவர், கண்ணாடி கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் முகம், மற்றதெல்லாம் கரி. இரண்டு பக்கமும் பளபளக்க வேண்டும் என்றேன், இந்தியில்.

"தார் பீ?" வெட்டுமுனையையும் சேர்த்தா என்று.

"பூரா."

கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடி "பூரா" என்றேன். மூன்று நிமிட வேலை. திருப்பித் தந்தபோது கத்தியில் என் மூக்குத்துவாரம் தெரிந்தது.

ரயிலில், பேப்பரில் சுற்றி மடியில். பக்கத்தில் ஒரு பெண்: "சாக்கூ ஹை க்யா?" கத்தியா என்று. கேமரா பார்ட் என்றேன். ஏன் பொய் சொன்னேன்? கத்தி என்று சொன்னால் என்ன?

11, வெள்ளி

ஜும்மா. கீழே பூட்டு. டிரைபாட் காலில் விரல் வைத்தேன்: ஒன்றுமில்லை. கல் மாதிரி. வானம் ஒரே சாம்பல், இரண்டு மணி நேரம் மாறவில்லை. இப்படி ஒரு நாள் இந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஜன்னலுக்கு டிரேசிங் பேப்பர், எதிரில் தெர்மாகோல், அடியில் கறுப்புத் துணி.

நாற்பத்தொன்றாவது ஃப்ரேம். வெளிச்சம் முதுகில் ஏறி, தகடு முழுக்க வழிந்து, முனையில் ஒரு மயிரிழையாக முடிகிறது. டியூபின் ரப்பரில் ராத்தாவின் விரல்ரேகை. பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். எங்கேயும் உடையவில்லை. நான் எடுத்ததிலேயே இதுதான் படம்.

உடனே அனுப்பவில்லை. நாளை புதுக் கண்ணோடு ஒரு தடவை.

கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா கை முழுக்க மாவு. சுற்றிய பேப்பரோடு பையில் போடச் சொன்னாள்.

12, சனி

11.20. ராத்தா ஏணி ஏறி வந்தாள். கீபோர்டு மேல் மூன்று துண்டு ஆட்டுத்தோலை வைத்தாள். மூன்றிலும் மூலையில் ஓட்டை.

"இத என்ன செஞ்ச?"

"பாலிஷ் போட்டேன்."

"மொதுவுலயுமா?"

தலையாட்டினேன். ராத்தா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மொதுவு தட்டையா கெடந்தாத்தாம்ட்டி தோலு மேல படுக்கும். இது தொட்டில் கணக்கா ஆடுது. எங்கன எறங்குதுன்னே தெரியல."

முதலாளி இந்த லாட்டை வெளியே, தோல் சீவும் மிஷினுக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறார். ராத்தா ஏழு மணி வரை கேட்டு வந்திருக்கிறாள். மிஷினில் ஒரு லாட் நன்றாக வந்துவிட்டால் அடுத்ததும் அங்கேதான் போகும். ராத்தாவுக்குப் பசை தடவுகிற மேஜை. எட்டு வருடத்துக்கு முன்னால் அங்கிருந்துதான் எழுந்து வந்தாள்.

தீட்டுகல்லைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள். பட்டறையில் வைத்துத் தீட்டினால் ஆளாளுக்கு வாய் பார்ப்பார்களாம்.

12.10. அழிந்தது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கத்தியை லென்ஸுக்குக் கீழே வைத்தேன், திரையில் பத்து மடங்கு. முனை சோப்பு ஓரம் மாதிரி உருண்டிருக்கிறது. நேற்று இதையே மயிரிழை என்று எழுதினேன். கீழே மிஷின் ஓடுவதால் படம் நடுங்குகிறது. ஆனாலும் தெரிகிறது.

முறை இப்படி: ராத்தா இருபது இழுப்பு. துடைத்துத் தருகிறாள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

"நடுவுல சரி. முனைகிட்ட இன்னும் உருண்டை."

"எம்புட்டு?"

"ஒரு முடி."

"யாரு முடி? ஒனக்கு எலி வாலு, எனக்குக் கயிறு. சரியாச் சொல்லு."

1.45. மாட்டுங்காவுக்கு ஃபோன். காய்ச்சல் என்றேன். பளபளப்பு போய்ச் சாம்பல் படர்கிறது. கீறல்கள் திரும்பி வருகின்றன, எல்லாம் ஒரே திசையில். புதன்கிழமை அவை குறுக்கும் நெடுக்குமாக இருந்ததாகவே எனக்கு ஞாபகம். அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றும் ஒரே திசைதான். நான்தான் பார்க்கவில்லை.

3.30. முதுகு தட்டையாகிவிட்டது. இனி முனை. ராத்தாவின் இடது கட்டைவிரல் தோல் உரிந்திருக்கிறது. நான் இழுக்கிறேன் என்றேன். "நீ தொட்டது போதும்."

4.40. தோல்துண்டில் சோதனை. நேராகப் போகிறது, மூலை திரும்பும்போது கடிக்கிறது. இன்னும் ஒரு மணி நேரமாவது.

"ஒன் சோலி என்னாச்சு? அஞ்சு மணின்னியே."

அனுப்பப் போவதில்லை என்றேன். காலையிலேயே முடிவு செய்தது. சொல்லும்போது ஏதோ பெரிய காரியம் செய்கிற மாதிரி குரல் வந்தது. எனக்கே கேட்டது.

"பெரிய இவ. கத்தியும் போச்சு, படமும் போகட்டுங்கியா? காட்டு."

காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். தன் விரல்ரேகை இருந்த இடத்தில் கண் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. அறுக்காது."

"அதான் அனுப்பல."

"ஒனக்கு அனுப்பணும்னு இருக்கா, இல்லையா? அதச் சொல்லு."

இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. தோலில் ஓட்டையைப் பார்த்தபோதுகூட, படம் நன்றாக வந்திருக்கிறதே என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. இதை ராத்தாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

"இருக்கு."

"அப்ப அனுப்பு. சீக்கிரம் அனுப்பிட்டு இங்க வா, முனை தெரியல எனக்கு."

4.56. நாற்பத்தொன்றை அனுப்பினேன். கல் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, கத்தியை லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.