எண்ணெய் குடித்த பிரேக்

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

சுடர்விழியின் வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அப்பா சம்பா நடவை முடித்துவிட்டாரா? நன்னிலத்தில் நல்ல மழை என்று செய்தியில் பார்த்தேன்.

சைக்கிள் கடையில் வேலை நன்றாகப் போகிறது. செவ்வாய்க்கிழமை ஒருவர், பின்னால் குழந்தை இருக்கை வைத்த சைக்கிளைக் கொண்டுவந்தார். டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறதென்று அவரே அதில் எண்ணெய் அடித்திருக்கிறார். அது தெரியாமல் சரிவில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கவில்லை, வேலிச்செடிக்குள் போய் நின்றேன். முழங்கையில் லேசான சிராய்ப்புதான், ஆறிவிட்டது.

"அவருக்கு அவசரம்மா, துடைச்சுக் குடுத்துடு" என்றார் முதலாளி.

"பிரேக் பேட் எண்ணெயைக் குடிச்சிடுச்சு சார். துடைச்சாப் போகாது. பின்னால குழந்தை உட்காரும், மாத்தாம குடுக்க மாட்டேன்" என்றேன். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, அதைக் கவ்விப் பிடிக்கும் புது பேட் போட்டு, அதே சரிவில் இருபது முறை ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். கடைசியில் பிரேக் நன்றாகப் பிடித்தது, சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "இனிமே பிரேக் வேலையெல்லாம் உன்கிட்டதான்" என்றார்.

ஓர் உதவி. இங்கே துடைக்கும் துணியில் நூல் உதிர்கிறது. உங்கள் பழைய வாயில் சேலையைக் கிழித்து, நாலைந்து துண்டுகளை முத்துப்பேட்டை வானதியிடம் கொடுங்கள்; அவள் அடுத்த வாரம் இங்கே வருகிறாள். ஒரு துண்டை மட்டும் துவைக்காமல் கொடுங்கள். அது பிரேக்குக்கு இல்லை, என் தலையணைக்கு.

கடை திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சுடர்விழி